அழுக்குப் பச்சைக் கண்ணாடி

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் பட்டறையின் எந்த மூலையில் இருந்தாலும் "ம்" என்று ஒரு சத்தம் வரும். இப்போது வருவதில்லை. ஆனாலும் கூப்பிடுகிற பழக்கத்தை நான் விடவில்லை. காலையில் பட்டறைப் பூட்டைத் திறக்கும்போது ஒரு தடவை, மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது ஒரு தடவை கூப்பிட்டுவிடுகிறேன். இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நாலு பேர் எட்டிப் பார்த்துப் படித்தாலும் படிக்கட்டும். நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?

முதலில் ஊர்ச் சேதி. பட்டறை நன்றாகவே நடக்கிறது. உங்களோடு ஆரம்பத்திலிருந்து வேலை செய்த கபாலிதான் இப்போது வெல்டிங் ராடு பிடிக்கிறான். வருகிறவர்களிடம் பேசுவதும் சாமான் வாங்கிப் போடுவதும் என் பாடு. ஆரணியில் அரிசி மில்லுக்கா பஞ்சம்? தினமும் ஏதாவது ஒரு மில்லில் ஏதாவது ஒன்று உடைகிறது, நம் அடுப்பு எரிகிறது. நம்ம செல்வி ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டாள். உங்களை மாதிரியே சாப்பிடும்போது கால் ஆட்டுகிறாள், நானும் உங்களைத் திட்டிய மாதிரியே அவளைத் திட்டுகிறேன். எதிர்வீட்டு லோகநாயகி கலர் டிவி வாங்கிவிட்டாள். தெருவே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. முகமெல்லாம் ஆரஞ்சு நிறமாகத் தெரிகிறது, அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வருகிறது.

நேற்று மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்தார். பெட்டியைத் திறந்தால் வரிசையாக வெல்டிங் கண்ணாடிகள். "ஓனர் யாருங்க?" என்றார். கபாலி என்னைக் காட்டினான். அந்த ஆளுக்கு ஒரே தடுமாற்றம். ஒரு பொம்பளையிடம் வெல்டிங் கண்ணாடியைப் பற்றி என்னவென்று பேசுவது? கொஞ்சம் யோசித்துவிட்டு, "கலரெல்லாம் சூப்பரா இருக்கும்மா, பாத்து எடுத்துக்குங்க" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் கபாலி ராடைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டான். பிறகு விஷயம் புரிந்து அவனும் சிரித்தான். பாவம் அந்த மனிதர், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு நின்ற பிறகு உங்கள் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ராத்திரி முழுக்க எழுந்து போகவில்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி.

நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மூன்று தறி. நைனாவும் சித்தப்பாவும் நெய்ய, வாங்கி வந்த பட்டு நூலுக்கு நிறம் பொருத்திக் கொடுப்பது என் வேலை. புடவை உடலுக்கு இந்த நிறம், கரைக்கு இந்த நிறம் என்று நான் எடுத்துக் கொடுத்தால் நைனா மறுபேச்சுப் பேச மாட்டார். அப்படிப்பட்ட வீட்டுக்குள் நீங்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நுழைந்தீர்கள். சந்தவாசலிலிருந்து உங்கள் அக்காவும் கூட வந்திருந்தார்கள்.

அடுப்படியில் என் அம்மா என் காதில், "ஊட்டுக்குள்ள எதுக்குடி கூலிங் கிளாஸு? சினிமாவுல நடிக்கிறாரா?" என்றாள். நான் காபித் தட்டோடு வந்து நின்றேன். நைனாவுக்குப் பொறுக்கவில்லை. "மாப்ள, தப்பா நெனைக்காதீங்க, அந்தக் கண்ணாடிய கொஞ்சம் எடுங்க" என்றார். நீங்கள் எடுத்தீர்கள். அரளிப் பூ மாதிரி சிவந்த இரண்டு கண். இமை வீங்கி, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. என் சித்தப்பா உடனே காற்றை மோந்து பார்த்தார், சாராய வாடை வருகிறதா என்று.

உங்கள் அக்கா பதறிப்போய், "ஐயோ, எங்க தம்பி அந்த மாதிரியெல்லாம் இல்லீங்க" என்றார்கள்.

"வெல்டிங் அடிச்சிடுச்சுங்க" என்றீர்கள் நீங்கள். "ரெண்டு நாள்ல சரியாப் பூடும்."

"இது அடிக்கடி ஆவுமா?" என்று கேட்டார் நைனா.

அந்த இடத்தில் வேறு எந்த மாப்பிள்ளையாக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பான். நீங்களோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆவுங்க. மாசத்துக்கு ஒருவாட்டி, ரெண்டுவாட்டி ஆவும். சரியான கண்ணாடி இல்லீங்க. இந்தக் கூலிங் கிளாஸப் போட்டுக்கினுதான் ஒட்டறேன்" என்றீர்கள். என்னைப் பார்க்க வந்தவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளிச்சம் பட்டால் எரிந்ததாம். என் கால் விரல் மட்டும்தான் தெரிந்தது என்று கல்யாணத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டீர்கள். நான்தான் உங்களை நன்றாகப் பார்த்தேன். உட்கார்ந்து, சாவகாசமாக, அம்மா கிள்ளும்வரை பார்த்தேன்.

நீங்கள் போன பிறகு வீட்டில் பஞ்சாயத்து. நைனா பயந்தது நியாயம்தான். நெசவுக்காரருக்குக் கண் போனால் எல்லாமே போன மாதிரி. "நாப்பது வயசுல இவருக்குக் கண்ணு பூட்டா, இவதான் கையப் புடிச்சிக்கினு தெருத்தெருவா நடத்திக்கினு போவணும். எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன்: "கண்ணுக்குக் கண்ணாடி வாங்கிடலாம் நைனா. பொய் சொல்றவனா இருந்தா அதுக்கு இன்னாத்த வாங்குறது?"

நைனா வெகுநேரம் தறிக்கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி. ஆனா கண்ணாடிய நீயே பாத்து வாங்கணும். கலர் பாக்குறதுல உன்ன மிஞ்ச இந்தத் தெருவுல ஆளு இல்ல. அவரு கண்ணுக்கு நீதான் பொறுப்பு" என்றார். வெல்டிங் கண்ணாடியைக் கலர் பார்த்து வாங்குவதா என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அதுதானே? அப்படித்தான் உங்கள் கண் என் கைக்கு வந்தது. தாலியோடு சேர்ந்து அந்தப் பயமும் என் கழுத்தில் ஏறியது.

கல்யாணம் ஆன கையோடு வேலூருக்குப் போனோம். ஞாபகம் இருக்கிறதா? கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தீர்கள். கடைக்காரர் மூன்று கண்ணாடிச் சில்லுகளை மேஜைமேல் வைத்து ஏதேதோ நம்பர் சொன்னார். நான் நம்பரைக் காதில் வாங்கவே இல்லை. நூலைக் கடைக்குள் பார்க்கக் கூடாது, வாசலுக்கு எடுத்துப்போய் வெயில் நேரே விழாத வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மூன்றையும் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். ஒன்று கறுப்பாகவே இருந்தது. ஒன்று ஏதோ கலங்கல் நிறம். மூன்றாவது அசல் ராமர் பச்சை! அரக்குக் கரை போட்டால் அள்ளிக்கொண்டு போகும். அதன் வழியாகப் பார்த்தால் வேலூர்க் கோட்டை மதில் எல்லாம் பச்சையாக, தெளிவாகத் தெரிந்தது.

"இதான்" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றீர்கள்.

என்ன மனிதர் நீங்கள்? ராடைக் கையில் பிடித்து வருஷக்கணக்கில் வேலை செய்தவர். அந்தக் கண்ணாடி வழியாகத் தெருவே தெரிகிறது என்றால் நெருப்பு எப்படித் தெரியும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கும். ஆனால் புதுப் பெண்டாட்டி ஆசையாக எடுத்துக் கொடுத்தது. அதை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

அந்தக் கண்ணாடியைக் கையில் பிடிக்கிற மறைப்புத் தட்டில் மாட்டினீர்கள். முதல் நாள் வேலை முடித்து வந்து, விளக்கு வைத்த சற்று நேரத்துக்கெல்லாம் கண்ணைக் கசக்க ஆரம்பித்தீர்கள். மணலை வாரிக் கொட்டினது போல் உறுத்தும் அந்த எரிச்சல் அப்படித்தான் வரும், வேலை செய்யும்போது தெரியாது, பிறகுதான் பழிவாங்கும். ஆனால் நீங்கள், "தூசு" என்றீர்கள். நான் ஊதிப் பார்த்தேன். ஈரத் துணி வைத்தேன். மறுநாளும் தூசு. அடுத்த வாரமும் தூசு. பட்டறையில் இவ்வளவு தூசு இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று நான் கபாலியிடம் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமலே தலையை ஆட்டினான்.

உங்கள் குட்டை உடைத்தது லோகநாயகி. அப்போதுதான் அவளுக்கு மூத்த பிள்ளை பிறந்திருந்தது. வெல்டிங் அடித்த கண்ணுக்குத் தாய்ப்பால் விட்டால் குளிர்ச்சி என்று எல்லாரும் நம்பிய காலம். குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்: "ஏங்க்கா, அண்ணனுக்குக் கண்ணு எப்படி இருக்குது? நேத்துகூட கபாலி பாலாடைய எடுத்துக்கினு வந்து பால் வாங்கிக்கினு போனாரே. எங்க பாப்பாவுக்குப் போட்டியா உங்க ஊட்டுக்காரரு வந்துட்டாரு போல!"

குழாயடியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. குடத்தை அப்படியே வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல், நேராகப் பட்டறைக்கு வந்தேன். முதல்முறையாக அந்த வாசற்படி ஏறினேன். நீங்கள் ஒரு மூலையில் அண்ணாந்து படுத்திருக்க, கபாலி பாலாடையோடு உங்கள் கண்மேல் குனிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கை தவறி, பால் உங்கள் மூக்கில் போய்விட்டது.

"தூசா இது?" என்றேன்.

நீங்கள் தும்மினீர்கள்.

"எத்தினி நாளா நடக்குது இந்த நாடகம்? ஏன் சொல்லல?"

"நீ ஆசையா எடுத்துக் குடுத்த" என்றீர்கள். "எங்க வூட்ல கண்ணாடின்னு ஒண்ண எனக்காக யாரும் பாத்து வாங்கினதே இல்ல, கோமளா. அதான்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. பொய் சொல்லாத ஆள் என்று நம்பித்தானே நைனாவிடம் வாதாடினேன்? "என்மேல ஆசை இருந்தா பூ வாங்கிக் குடுங்க, சினிமாவுக்குக் கூட்டிக்கினு போங்க. கண்ண வெச்சுக் காட்டாதீங்க" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கபாலி பாலாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான்.

மறுபடியும் வேலூர். இந்தத் தடவை கடைக்காரர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டேன். நான் எடுத்த ராமர் பச்சை கேஸ் வெல்டிங்குக்கானது, ஐந்தாம் நம்பர். கரண்ட் வெல்டிங்குக்குப் பத்துக்குக் கீழே போகவே கூடாதாம். நம்பர் ஏற ஏறக் கறுப்பு. "இருக்குறதுலயே கறுப்பா ஒண்ணு குடுங்க" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. பயந்தவளுக்கு இருட்டுதான் பத்திரமாகத் தெரிந்தது.

அதனால் வந்தது மயில் விவகாரம். சேத்துப்பட்டு ரைஸ் மில்காரர் புது வீட்டு கேட்டுக்கு இரண்டு மயில் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் உங்களுக்கு நெருப்பே ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. எங்கே ஒட்டுகிறோம் என்பது தெரியவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனீர்கள், அப்போதும் தெரியவில்லை. தட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தீர்கள், ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் வெறுங்கண்ணில் நெருப்பு அடித்தது. கடைசியில் ஒரு மயிலுக்கு அலகு தோகைப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

மில்காரர் வந்தார். கேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னா மேஸ்திரி, ஒரு மயிலு முன்னாடி பாக்குது, ஒண்ணு பின்னாடி பாக்குது?"

"திரும்பிப் பாக்குற மயிலுங்க" என்றீர்கள்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் பிரித்து ஒட்டச் சொன்னார். அன்றைக்கும் உங்கள் கண் சிவந்துதான் இருந்தது. ஆனால் தூசு என்று சொல்லவில்லை. "இதுவும் சரியில்ல கோமளா" என்று முதல் தடவையாக வாய் திறந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வந்த நிம்மதி உங்களுக்குத் தெரியுமா?

அடுத்த நாள் நானே பட்டறைக்கு வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "நீங்க ஒட்டுங்க, நான் பாக்குறேன். இந்த எழவுல அப்படி இன்னாதான் தெரியணும்னு நானும் பாக்குறேன்" என்றேன். அந்தக் கறுப்புக் கண்ணாடி மாட்டிய தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கபாலியின் பழைய தட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் ராடை இரும்பில் தட்டி நெருப்பை எழுப்பினீர்கள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு பச்சையாக ஒரு பொட்டு. அதற்குக் கீழே இரும்பு உருகி, வெல்லப் பாகு போல் மெல்ல நகர்ந்தது. எனக்குப் பயமெல்லாம் போய்விட்டது. "உருகுது பாருங்க. ஓரம் பளபளக்குது. மேல ஏடு மாதிரி ஒண்ணு மெதக்குது. இப்ப நீங்க கோணலாப் போறீங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். "இந்தக் கண்ணாடியிலயா உனக்கு இத்தினியும் தெரியுது?"

"ஆமா. ஏன், உங்களுக்குத் தெரியல?"

"எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சிது."

கபாலியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். அவனுக்குப் புள்ளிகூடச் சரியாகத் தெரியவில்லை. நான் திகைத்துப்போனேன். நான் எடுத்துக் கொடுக்கிற மாம்பழ மஞ்சள் ஆரணியில் யார் பார்த்தாலும் மாம்பழ மஞ்சள்தான். ஒருத்தி பார்த்து ஊருக்கே எடுக்கலாம். இது அப்படியில்லை. சிறுவயதிலிருந்து தறியடி இருட்டில் இழையைத் தேடிப் பழகிய கண் எனக்கு. உங்கள் கண் வேறு, கபாலியின் கண் வேறு. உங்களுக்கு எது சரி என்று உங்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. நீங்களோ நான் சொன்னால் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்!

மூன்றாம் தடவை வேலூர் போய் பத்திலிருந்து மேலே எல்லா நம்பரிலும் ஒவ்வொன்று வாங்கி வந்தோம். பட்டறையில் உட்கார்ந்து நாமாகவே ஒரு முறை கண்டுபிடித்தோம். இருப்பதிலேயே கறுப்பில் ஆரம்பிப்பது. கபாலி நெருப்பைப் பிடிப்பான், நீங்கள் பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "வெளிச்சம் தெரியுது" என்றால் போதாது, அடுத்ததை மாற்று. "பாகு தெரியுது, ஓரம் தெரியுது" என்றால், கண்ணை மூடு. மூடின கண்ணுக்குள் புள்ளி மிதக்கிறதா? மிதந்தால் வெளிச்சம் அதிகம், பழையபடி கறுப்புக்குப் போ. பாகும் தெரிய வேண்டும், புள்ளியும் மிதக்கக் கூடாது. பத்துக்குக் கீழே மட்டும் யார் கெஞ்சினாலும் கிடையாது. நான் எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்காக எதையாவது கூட்டிச் சொல்கிறீர்களா என்று.

"இது" என்றீர்கள் கடைசியில். வாங்கிப் பார்த்தேன். பதினொன்றாம் நம்பர். முதல் நாள் நான் ஒதுக்கிவிட்டு வந்த அதே கலங்கல் நிறம். பாசி பிடித்த குட்டைத் தண்ணீர் போல அழுக்குப் பச்சை. எந்தப் புடவைக்கும் ஆகாது. "இந்தக் கலரா?" என்று என்னையும் மீறி வந்துவிட்டது.

"இதான். நீ இன்னா சொன்னாலும் இதான்" என்றீர்கள்.

அந்தப் பிடிவாதத்துக்காகவே உங்களைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கபாலி நின்றுகொண்டிருந்தான், அதனால் பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு கபாலிக்குப் பாலாடை தூக்கும் வேலை இல்லாமல் போனது.

பிறகு நமக்கு எவ்வளவு நல்ல வருஷங்கள்! கண்ணமங்கலத்திலிருந்தும் சேத்துப்பட்டிலிருந்தும் வெல்டிங்காரர்கள் கண்ணாடி பார்க்கவே நம் பட்டறைக்கு வந்தார்கள். நம்ம முக்காலியில் உட்கார்ந்து, பரீட்சைக்கு வந்தவர்கள் போல, "பாகு தெரியுது, ஓரம் தெரியல" என்று ஒப்பித்தார்கள். பச்சைக் கண்ணாடிக்குக் காப்பாக முன்னால் மாட்டுகிற வெள்ளைக் கண்ணாடியில் பொறி தெறித்துப் புள்ளி விழுந்தால் நானே கழற்றிப் புதிதாக மாட்டிவிடுவேன். கல்யாணமான புதிதில் நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. மூலை பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ் போளூர் போகிறதா, செஞ்சி போகிறதா என்று இங்கிருந்தே போர்டைப் படித்துச் சொல்வீர்கள்.

கண் மங்கியது நைனாவுக்குத்தான். புரை விழுந்து, இழை தெரியாமல் தறியை விட்டு எழுந்தார். கண் சிகிச்சை முகாமுக்கு நீங்கள்தான் அவரை அழைத்துப் போனீர்கள். அவர் கையைப் பிடித்துத் தெருவில் மெதுவாக நடத்திக்கொண்டு போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். "மாப்ள, பள்ளம் இருந்தா சொல்லுங்க" என்று அவர் சொல்ல, "நானு இருக்கேன் மாமா, வாங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்த முகாமில்தான் இறந்த பிறகு கண்ணைக் கொடுக்கலாம் என்று யாரோ பேசக் கேட்டுவிட்டு வந்தீர்கள். சாப்பிடும்போது சொன்னீர்கள்: "நானும் பேர் குடுத்துட்டேன். ஆனா வெல்டர் கண்ண யாரு கோமளா வாங்குவாங்க? நெருப்புல வெந்த கண்ணுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க." நான் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று திட்டி, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

போன வருஷம் ஒரு நாள் காலையில், சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. நீங்கள் வலியோடு கிடக்கவில்லை, என் மடியில் இருந்தீர்கள், அது போதும்.

கண் எடுக்க வரச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணக் கபாலியைத்தான் அனுப்பினேன். சேதி பரவியதும் உங்கள் அக்கா சந்தவாசலிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். "வேணாம் கோமளா, வேணாம்மா! கண்ணப் புடுங்கி அனுப்பினா அடுத்த ஜென்மத்துல குருடாப் பொறப்பான் எங்க தம்பி." பெற்ற தாய்போல் வளர்த்தவர்கள், அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? "அவருதான் பேர் குடுத்தாரு அண்ணி. தன் கண்ணுக்கு எது வேணும்னு அவரே சொல்லணும்னு எங்களுக்குள்ள பேச்சு. அவரு சொல்லிட்டாரு, நான் மாத்த மாட்டேன்" என்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு உங்கள் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, தலைமுடியைக் கோதிவிட்டார்கள். மேற்கொண்டு தடுக்கவில்லை.

வேலூரிலிருந்து ஜீப்பில் ஒரு இளம் டாக்டர் வந்தார். உங்கள் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். வேண்டாம், உதவாது என்று சொல்லிவிடுவாரோ? அத்தனை பேர் அழுதுகொண்டிருக்க, எனக்கு அந்த ஒரு பயம்தான் இருந்தது.

"என்ன வேலை பாத்தாரும்மா?" என்றார்.

"வெல்டிங்."

கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடியும் டார்ச்சை அடித்தார். இந்தக் கண், அந்தக் கண், திரும்ப இந்தக் கண். "எத்தனை வருஷமா?"

"எனக்குத் தெரிஞ்ச நாளா."

"நம்பவே முடியலம்மா. ரெண்டும் பளிச்சுனு இருக்குது. ரெண்டு பேருக்கு ஆகும்" என்றார்.

அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதேன். என் துக்கம் இருக்கட்டும், பெருமை தாங்கவில்லை எனக்கு. பக்கத்தில் நின்றிருந்த கபாலியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "கேட்டியாடா, ரெண்டும் பளிச்சுனு இருக்குதாம்!" என்று அரற்றினேன். ஜனங்கள் எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

யாருக்கு வைத்தார்கள் என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம். ஆணா பெண்ணா, கிட்டத்திலா தூரத்திலா, எதுவும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கொடுத்த பொருளின் பின்னாலேயே போவது அழகா?

ஆனால் இந்த வருஷத்தில் எனக்கு ஒரு புதுப் புத்தி வந்திருக்கிறது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், கபாலிக்குக்கூடத் தெரியாது. நம் பட்டறை ரோட்டோரம். கபாலி நெருப்பைப் பற்ற வைத்தால் போகிற வருகிற ஜனமெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கும். சைக்கிள்காரர், காய்கறிக்காரி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற வெளியூர்க்காரர்கள். முன்பெல்லாம் நான் கண்டுகொண்டதில்லை. இப்போது விடுவதில்லை. ரோட்டை மறைத்துத் தகரம் அடித்துவிட்டேன். அதையும் தாண்டி எட்டிப் பார்த்தால் எழுந்துபோய்க் கத்துகிறேன். "கண்ணத் திருப்பு! அங்க இன்னா அவுத்துப் போட்டா ஆடறாங்க? திருப்புய்யா கண்ண!" நேற்று அந்தக் கம்பெனி ஆளும் எட்டிப் பார்த்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "ஏங்க்கா, ஊர்ல இருக்குறவன் கண்ணுக்கெல்லாமா நாம காவல்?" என்று கபாலி தலையில் அடித்துக்கொள்கிறான்.

அடித்துக்கொள்ளட்டும். அவனுக்கு என்ன தெரியும்? நிற்கிறவர்களில் யாரிடம் உங்கள் கண் இருக்கிறதோ, யார் கண்டது?

உயிரோடு இருக்கிறவரை என் கண்ணெதிரே ஒருவரையும் வெறுங்கண்ணால் அந்த நெருப்பைப் பார்க்க விடமாட்டேன். இது சத்தியம். நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணுக்குப் பொறுப்பான வீட்டுக்காரி,
கோமளா